பக்க வருமானக்காரர்களுக்குப் பென்ஷன்: எதில் போடலாம், எதில் மாட்டிக்கொள்ளக் கூடாது?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 38. சம்பளம் 22,000 ரூபாய், அதில் பி.எஃப். பிடிக்கிறார்கள். சாயங்காலம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஜூன் முதல் மார்ச் வரை மாதம் 8,000 முதல் 12,000 வரை வரும், ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒன்றும் வராது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஒரு பென்ஷன் பாலிசி சொல்கிறார். வருடம் 60,000 வீதம் 12 வருடம் கட்ட வேண்டும். 60 வயதிலிருந்து ஆயுள் முழுக்க வருடம் ஒரு லட்சம் வருமாம், என் காலத்துக்குப் பிறகு கட்டிய 7.20 லட்சம் வாரிசுக்குக் கிடைக்குமாம். வரியும் மிச்சம், எல்லாம் கேரண்டி என்கிறார். முதல் பிரீமியத்தில் தன் கமிஷனிலிருந்து கொஞ்சம் விட்டுத் தருவதாகவும் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் "வருடம் ஒரு லட்சம், ஆயுள் முழுக்க" என்பது காதில் விழும்போது பெரிய தொகையாகத்தான் இருக்கும்.

அதே 60,000 ரூபாயை அதே 12 வருடம் பி.பி.எஃப்.பில் (அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டம், சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். வேறு) போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் இருந்து அதன் வட்டி 7.1%. அந்த வட்டியே தொடர்ந்தால் உங்கள் 50-வது வயதில் சுமார் 11.5 லட்சம் ஆகியிருக்கும், அதை 60 வரை அப்படியே விட்டால் 23 லட்சத்துக்குக் கிட்டே வரும். (15 வருடம் முடியும் வரை வருடம் 500 ரூபாயாவது போட்டுக் கணக்கை உயிரோடு வைக்க வேண்டும், அதற்குப் பிறகு பணம் எதுவும் போடாமலே நீட்டித்துக்கொள்ளலாம்.) ஏஜென்ட் தருவதாகச் சொல்லும் ஒரு லட்சம், இந்த 23 லட்சத்துக்கு 4.3 சதவீத வட்டிதான். அதே 23 லட்சத்தை 60 வயதில் தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இன்றைய 8.2% வட்டிக்கு வருடம் 1.88 லட்சம் வரும், அசலும் உங்களுடையதாகவே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகும்போதும் 7.20 லட்சமாக இல்லாமல் 23 லட்சமாகவே போகும்.

வட்டி இப்படியே இருக்குமா என்று ஏஜென்ட் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். சரி, எல்லாம் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 60 வயதில் 19 லட்சம் இருக்கும், அதற்கு 6% வட்டி 1.15 லட்சம். அதுவும் அவருடைய "கேரண்டி"யை விட அதிகம்.

ஆனால் எனக்கு வட்டியை விடப் பெரிய கவலை வேறு. உங்கள் டியூஷன் பணம் வருடத்தில் பத்து மாதம்தான் வருகிறது, பக்கத்துத் தெருவில் இன்னொரு டியூஷன் சென்டர் வந்தால் அதிலும் பாதி போகும், உங்களுக்கே உடம்பு முடியாமல் ஒரு டெர்ம் எடுக்க முடியாமலும் போகலாம். பாலிசிக்கு இதெல்லாம் தெரியாது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் பிரீமியம் கட்ட முடியாமல் விட்டால் கட்டியதில் கணிசமான பங்கு போய்விடும். 2024 அக்டோபருக்குப் பிறகு சரண்டர் விதிகள், அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்ளும் விதிகள், கொஞ்சம் நல்லதாகியிருக்கின்றன, ஆனாலும் முழுப் பணம் கைக்கு வராது. பி.பி.எஃப்.பில் ஒரு வருடம் பணமே இல்லை என்றால் 500 ரூபாய் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். அதையும் மறந்தால் விட்டுப்போன வருடத்துக்கு 500, அபராதம் 50, முடிந்தது விஷயம். ஏற்ற இறக்கமான வருமானம் உள்ளவர்கள் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் "எவ்வளவு வரும்" என்பதற்கு முன்னால் "கட்ட முடியாத மாதத்தில் என்ன செய்வார்கள்" என்றுதான் கேட்க வேண்டும்.

வரி மிச்சம் என்கிறாரே, உங்கள் சம்பளமும் டியூஷனும் சேர்த்தே வருடத்துக்கு நான்கு லட்சத்தைத் தாண்டவில்லை. உங்களுக்கு வரியே கிடையாது, இல்லாத வரியில் என்ன மிச்சம்? கமிஷனிலிருந்து விட்டுக்கொடுப்பதும் இன்சூரன்ஸ் சட்டப்படி தடை செய்யப்பட்ட விஷயம், கொடுப்பவருக்கும் தப்பு, வாங்குபவருக்கும் தப்பு. ஒருவேளை தயவு தாட்சண்யத்துக்காக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம், சில்லறைப் பிடித்தம் போக மீதி வந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? உங்களிடம் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. டியூஷன் பணத்தை நேரடியாகப் பி.எஃப்.பில் போட முடியாது, ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப்.பை நீங்களாகவே கூட்டிக்கொள்ளலாம், அதைத்தான் வி.பி.எஃப். என்பார்கள். சம்பளத்தில் மாதம் 2,000 கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள், சம்பளத்தில் குறைந்ததை டியூஷன் பணத்தில் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். 2023-24க்கும் 2024-25க்கும் பி.எஃப். வட்டி 8.25%, இவ்வளவு பத்திரமான வேறு எதிலும் இந்த வட்டி இல்லை. உங்கள் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சம் தாண்டினால்தான் வட்டிக்கு வரி, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளி அலுவலகத்தில் "நடு வருடத்தில் மாற்ற மாட்டோம்" என்பார்கள், அப்படியானால் ஏப்ரல் சம்பளத்திலிருந்து பிடிக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

ஏன் 2,000 மட்டும்? ஏனென்றால் மே மாதத்திலும் அது பிடிக்கப்படும், டியூஷன் இல்லாத மாதத்தில் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தால் உங்களால் தாங்க முடியுமோ அதுதான் அளவு. மிச்சம் 36,000 ரூபாயை ஜூலையிலிருந்து, ஃபீஸ் வர வரப் பி.பி.எஃப்.பில் போடுங்கள், அந்தந்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போட்டால் அந்த மாத வட்டியும் சேரும். ஏப்ரல் 5-க்குள் மொத்தமாகப் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு செய்தி சுற்றும். கையில் பணம் இருப்பவர்களுக்கு அது சரி, உங்களுக்கு ஏப்ரலில் பணம் ஏது.

ஒன்று மட்டும். பி.பி.எஃப்.பில் ஏழாவது வருடத்திலிருந்துதான் கொஞ்சம் எடுக்க முடியும், மூன்றாவது வருடத்திலிருந்து கடன் கிடைக்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று மாதச் செலவுக்கு வங்கியில் பணம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும் நகை அடகுக்குப் போகும்.

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர், வயது 44, சம்பளம் வருடம் 9 லட்சம். வார இறுதியில் வெளி ஆட்களுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பதில் மாதம் சராசரி 25,000 வருகிறது, எல்லாம் வங்கி வழியாகத்தான். என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) சேர்ந்தால் 50,000 ரூபாய்க்கு எக்ஸ்ட்ரா வரிச் சலுகை என்று வங்கியில் ஒரு பெண் விடாமல் கூப்பிடுகிறார். அதற்காகப் பழைய வரி முறைக்குப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். உங்களைப் போல டிராயிங், டெக்னிக்கல் கன்சல்டிங் செய்பவர்கள் வந்த பணத்தில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டு, கணக்குப் புத்தகம் எதுவும் வைக்காமல் வரி கட்டலாம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் இந்த வசதி உண்டு. (செக்‌ஷன் எண்ணைச் சொல்லவில்லை, 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் வந்து எண்கள் எல்லாம் மாறிவிட்டன.) ஆக உங்கள் 3 லட்சத்தில் 1.5 லட்சம்தான் வருமானம். சம்பளம் 9 லட்சத்தில் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போனால் 8.25 லட்சம். மொத்தம் 9.75 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை.

பழைய முறைக்குப் போனால்? நிலைக் கழிவு 50,000, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம், என்.பி.எஸ். 50,000 என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் 8 லட்சம் நிற்கும், அதற்கு வரி செஸ்ஸோடு 75,400 ரூபாய். அதாவது ஐம்பதாயிரத்துக்குச் சலுகை வாங்க எழுபத்தைந்தாயிரம் கட்டுவீர்கள். வீட்டுக் கடன், வாடகைப் படி பெரிதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

இதில் பக்க வருமானக்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. சம்பளம் மட்டும் வாங்குபவர் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் இருப்பவர், அது வார இறுதியில் போடும் டிராயிங்காகவே இருந்தாலும், ஒருமுறை பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால் அதோடு சரி, தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. வங்கியிலிருந்து கூப்பிடும் பெண் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு டார்கெட்.

அதற்காக என்.பி.எஸ். கெட்ட திட்டம் என்று அர்த்தமில்லை. நிர்வாகச் செலவு மிகக் குறைவு, வருடம் 1,000 ரூபாய் போட்டாலே கணக்கு ஓடும், நல்ல மாதத்தில் 20,000, மோசமான மாதத்தில் பூஜ்யம் என்று போடலாம். முன்பு 60 வயதில் 40 சதவீதத்துக்குக் கட்டாயமாக ஆன்யுட்டி (மொத்தப் பணத்தைக் கொடுத்து வாங்கும் ஆயுள் பென்ஷன்) வாங்க வேண்டியிருந்தது, 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள், சேர்ந்த பணம் 8 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இன்னும் 16 வருடம் இருக்கிறது, பி.எஃப். ஏற்கெனவே வட்டியில் இருப்பதால் இதில் பங்குச் சந்தைப் பகுதியைத் தைரியமாகக் கூட்டி வைக்கலாம். வரிக்காகச் சேராதீர்கள், திட்டம் பிடித்தால் சேருங்கள். பின்னால் சம்பளம் ஏறி 12 லட்சத்தைத் தாண்டினால், கம்பெனியே உங்கள் பெயரில் என்.பி.எஸ்.ஸில் போடும்படி எச்.ஆர்.இடம் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அப்படிப் போடும் பணத்துக்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு.

கேள்வி: வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன் அக்கா, வயது 35. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், நாங்கள் வரி கட்டுபவர்கள் இல்லை. தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் நல்ல வேலை இருக்கும், ஆடியில் காற்று வாங்கும். அடல் பென்ஷன் (மத்திய அரசின் பென்ஷன் திட்டம்) நல்லதா, நகைச் சீட்டு நல்லதா?

பதில்: நகைச் சீட்டு நகை வாங்க, வயதான காலத்துக்கு அதை நம்ப வேண்டாம். அடல் பென்ஷனில் 40 வயது வரைதான் சேர முடியும், அதனால் தள்ளிப்போடாமல் முடிவெடுங்கள். உங்கள் வயதில் மாதம் 902 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதா மாதம் 5,000, உங்களுக்குப் பிறகு கணவருக்கும் அதே தொகை. மாதா மாதம்தான் கட்ட வேண்டும் என்று வங்கியில் சொன்னால் நம்பாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5,300 சொச்சம் என்றும் வைத்துக்கொள்ளலாம். தீபாவளி முடிந்த கையோடு ஒன்று, சித்திரை வைகாசி முகூர்த்தம் முடிந்து ஒன்று என்று உங்கள் சீசனுக்குச் சரியாக வரும்.

ஒரு குறை இருக்கிறது. அந்த 5,000 ரூபாய் விலைவாசியோடு ஏறாது. விலைவாசி வருடம் 6% ஏறினால், 25 வருடம் கழித்து வரும் 5,000 ரூபாய் இன்றைய 1,200 ரூபாய் கூடப் பெறாது. மளிகைச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும், அவ்வளவுதான். அதனால் மீதம் பிடிப்பதைத் தனியாகப் பி.பி.எஃப்.பிலும் போட்டு வாருங்கள், 500 ரூபாயில் தபால் நிலையத்தில் ஆரம்பிக்கலாம். அப்புறம், தமிழக அரசின் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? பிள்ளைகளின் படிப்பு உதவியும் 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் அதில் உண்டு. உறுப்பினர் அட்டையை மட்டும் காலாவதி ஆகவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: அடுத்த வருடம் 58 வயதில் மில் வேலையிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு மோட்டார் காயில் கட்டிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று இருக்கிறேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 18 லட்சம் வரும். 60 ஆகாமல் மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேர முடியாதாமே?

பதில்: முடியும். ஓய்வு பெற்றவர்கள் 55 வயதிலிருந்தே சேரலாம், ஓய்வூதியப் பலன் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வந்த தொகைக்கு மேல் போட முடியாது, உச்சவரம்பு 30 லட்சம். கம்பெனியிலிருந்து ஓய்வுச் சான்றும் பணம் வந்த விவரமும் எழுதி வாங்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போங்கள், கவுன்டரில் 60 ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினால் போஸ்ட் மாஸ்டரைப் பாருங்கள். 15 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். மீதி 3 லட்சத்தை வங்கியில் வையுங்கள், காயில் கட்டும் மெஷினுக்கும் ஒயருக்கும் அதில் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற வாரமே ஆன்யுட்டி விற்க ஆள் வருவார்கள், 65 வயதுக்கு முன்னால் அவர்களோடு பேசவே வேண்டாம், வயது ஏற ஏற அதே பணத்துக்கு அதிகப் பென்ஷன் கிடைக்கும்.