கடைசியில் வருகிறவர் யார்?

கேள்வி: எனக்கு வயது 51. எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். கியர் சைக்கிள் வாங்கினேன். ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று அழைத்த ஒரு குழுவோடு ஞாயிறு விடியற்காலை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிளம்பினேன். ஈஞ்சம்பாக்கம் தாண்டுவதற்குள் அத்தனை பேரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். தனியாகத் திரும்பி வந்தேன். இந்த வயதில் வேகத்தைக் கூட்ட என்ன செய்ய வேண்டும்? அல்லது என்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் குழு எங்காவது இருக்கிறதா?
— பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: முதல் கேள்வியைத் தள்ளுபடி செய்கிறேன். கல்யாணத்துக்கு அழைத்தவர்கள், நீங்கள் ரசம் சாதத்தில் இருக்கும்போதே இலையை எடுத்துவிட்டு மண்டபத்தைப் பூட்டினால், ‘இன்னும் வேகமாகச் சாப்பிடப் பழக வேண்டுமோ’ என்றா கேட்பீர்கள்?

அதற்காக உங்களை முழுவதுமாக விட்டுவிடவும் மனமில்லை. சைக்கிள் வாங்குவதற்கு முன் எத்தனை கியர், என்ன எடை, டிஸ்க் பிரேக் உண்டா என்று நாலு கடை ஏறி இறங்கியிருப்பீர்கள். குழுவில் சேரும்போது எவ்வளவு தூரம், என்ன வேகம், பின்தங்கினால் யார் நிற்பார்கள் என்று கேட்டீர்களா? மாமல்லபுரம் போய்வர 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். சைக்கிளின் பளபளப்பு போகாத ஒருவரை முதல் ஞாயிறே அங்கே கூப்பிடுகிற குழு, வருவது யார் என்றே யோசிக்கவில்லை என்று அர்த்தம். படத்தில் ஒரே நிறச் சட்டையோடு நாற்பது பேர் நிற்பதைப் பார்த்து நீங்களும் மயங்கியிருக்கிறீர்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகும்போது, முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார்; பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது கணிசமாக இலகுவாகிறது. இருபதடி பின்தங்கினால் அந்தச் சலுகை போய்விடும். காற்று முழுவதும் உங்கள் நெஞ்சில்தான். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். ஆகவே ஏற்கெனவே களைத்தவர்தான் கூடுதலாக உழைக்கிறார். இருபதடி இருநூறடி ஆகிறது. திரும்பிப் பார்க்கிற பழக்கம் முன்னால் போகிறவர்களுக்கு இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

வேகம் போதவில்லையே என்று குமைகிறீர்கள் அல்லவா? பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு உலகம் முழுவதும் நடக்கும் பி.ஆர்.எம். என்ற நெடுந்தூரச் சவாரிகள் இருக்கின்றன. சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் அவற்றை நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டருக்கு அவர்கள் தரும் அவகாசம் பதின்மூன்றரை மணி நேரம். டீ, இட்லி, பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. நெடுந்தூரக்காரர்களுக்கே அது போதும் என்றால், ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு முன் மிதிக்கிறவர்களுக்கு 30 எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நானும் அடிபட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு குழுவோடு போனபோது முட்டுக்காடு பாலத்துக்குச் சற்று முன்னால் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. கையை உயர்த்திக் கத்தினேன். ஒருவர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார், உற்சாகப்படுத்துகிறாராம். மாற்று ட்யூப் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒரு பஞ்சர் கடையின் மூடிய தட்டிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வந்து, ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் படம் வந்தது. கடற்கரைக் கோயில் பின்னணியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கீழே, ‘இன்றைய சவாரி அனைவரின் ஒத்துழைப்புடன் இனிதே நிறைவுற்றது.’ அந்த அனைவரில் நானும் ஒருவன்.

நிற்கிற குழுவிலும் ஒரு சூது உண்டு. உங்களுக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். நீங்கள் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதும், ‘வந்தாச்சா, கிளம்பலாம்’ என்று பெடலில் ஏறிவிடுவார்கள். பத்து நிமிட ஓய்வு, அது தேவைப்படாதவர்களுக்கு. கடைசியில் வந்தவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட நேரமில்லை. நல்ல குழுவில் கணக்கு வேறு மாதிரி: கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவராகக் கிளம்பலாம் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அசைவார்கள்.

பிறகு நான் சேர்ந்த குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். கேரியர் வைத்த பழைய ஹெர்குலிஸ். அதில் காற்றடிக்கும் பம்பை, கிழிந்த ட்யூபை வார் போல வெட்டிக் கட்டியிருப்பார். எத்தனை பேர் வந்தாலும் அவர்தான் கடைசி. ‘எனக்கு வேகம் வராது சார், நீங்கள் போங்கள்’ என்பார். பாவம், முடியவில்லை போலும் என்று ஆறு மாதம் அனுதாபப்பட்டேன். அவர் 600 கிலோமீட்டர் பி.ஆர்.எம். சவாரியை, அதற்கு விதித்த 40 மணி நேரத்துக்குள் முடித்தவர் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரியும். புதிதாக வருகிறவர் சாலையில் தனியாகிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியில் வந்துகொண்டிருந்தார்.

அதனால் ஒரு குழுவைப் பார்க்கப் போனால் முன்னால் போகிறவரின் சைக்கிள் என்ன விலை என்று விசாரிக்க வேண்டாம். கடைசியில் வருகிறவர் யார், அவர் விருப்பப்பட்டு வருகிறாரா, விடப்பட்டு வருகிறாரா என்று பாருங்கள். பெண்கள் வருகிறார்களா, போன மாதம் வந்தவர்கள் இந்த மாதமும் வந்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரித் தொழிலாளர்களும் அதில் உண்டு. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். யாரும் அங்கே சராசரி வேகம் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இருக்கிறது. ‘சைக்கிளிங் யோகிஸ்’ என்ற குழு பழைய கட்டடங்கள், கோயில்கள் என்று ஒரு பொருளை வைத்துக்கொண்டு சவாரி போகிறது. பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால் எல்லோரும் நின்றுதானே ஆக வேண்டும்? வேகப் பைத்தியங்கள் அங்கே அதிகம் தங்குவதில்லை. பகுதிவாரியாகவும் குழுக்கள் உண்டு. உங்கள் பக்கத்தில் சைக்கிள் பழுது பார்க்கிற கடையில் கேட்டால், எந்தக் குழு யாரை விட்டுவிட்டு வரும் என்கிற ரகசியம் வரை சொல்வார்கள். 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட சவாரி எது என்று கேளுங்கள். ‘அதெல்லாம் எங்களுக்கு வார்ம்-அப்’ என்று யாராவது சிரித்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எதுவும் அமையவில்லையா? உங்கள் தெருவிலேயே மாடிப்படியின் கீழ் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றின் சொந்தக்காரரிடம், திருநீர்மலை அடிவாரம் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்று கேளுங்கள். அவர் உங்களைவிட மெதுவாக மிதித்தால் என்ன செய்வீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

மாற்று ட்யூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சர் கடை ஏழு மணிக்கு முன் திறப்பதில்லை.