நியூமன் கத்தோலிக்கரானபோது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) போதகர் ஜான் ஹென்றி நியூமன் 1845 அக்டோபர் 9 அன்று கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

ஒருவர் சபை மாறியதற்கு ஒரு நாடே ஏன் பதற வேண்டும்?

அன்றைய இங்கிலாந்தில் திருச்சபையும் அரசும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரவே 1829இல்தான் வழி பிறந்தது. ஆக்ஸ்போர்டில் சேரும் மாணவன் ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தூய மரியா ஆலயத்தில் 1828 முதல் பங்குக் குருவாக இருந்து, ஒரு தலைமுறை மாணவர்களைத் தன் பிரசங்கத்தால் கட்டிப்போட்டவர் நியூமன். அவரே போய்விட்டால் இன்னும் எத்தனை பேர் பின்னால் போவார்களோ என்ற அச்சம் இயல்பானதுதான். பலர் போகவும் செய்தார்கள்.

திடீரென்று எடுத்த முடிவா?

இல்லை. அந்த 39 விதிகளுக்குக் கத்தோலிக்க முறையிலும் பொருள் கொள்ளலாம் என்று 1841இல் எழுதினார். கல்லூரித் தலைவர்கள் கண்டித்தார்கள். ஆயர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கண்டித்தார்கள். 1842இல் லிட்டில்மோர் சிற்றூருக்கு ஒதுங்கினார். மறு ஆண்டு பங்குப் பொறுப்பையும் விட்டார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் படிப்பும் ஜெபமும் எழுத்துமாகவே கழிந்தன.

கடைசியில் 1845 அக்டோபர் 8 இரவு, கொட்டும் மழையில் நனைந்து லிட்டில்மோருக்கு வந்து சேர்ந்தார் தொமினிக் பர்பெரி என்ற இத்தாலியக் குருவானவர். அவர் அடுப்பருகே ஈர உடையை உலர்த்திக்கொண்டிருக்கும்போதே நியூமன் வந்து காலடியில் முழந்தாளிட்டு, தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அன்றிரவே பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை, தொடங்கிவிட்டார். ஆங்கில மேதை ஒருவர், பெரிய கல்விப் புகழ் ஏதுமில்லாத வெளிநாட்டுத் துறவியின் முன் மண்டியிட்ட அந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். என் தம்பி கத்தோலிக்கரானபோது அம்மா ஓராண்டு அவனோடு பேசவில்லை. நியூமன் வீட்டில் எப்படி, ஐயா?

உங்கள் அம்மா ஓராண்டில் பேசிவிட்டார்கள் என்பது நிம்மதி தருகிறது, அம்மா. நியூமனின் தங்கை ஹாரியெட் 1852இல் சாகும்வரை அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்னொரு தங்கை ஜெமைமா உறவை அறுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணன் போய்விடுவார் என்று தெரிந்தபோது, நெருங்கிய நண்பர் சாகப்போகிறார் என்று கேள்விப்படுவது போல இருக்கிறது என்று எழுதினார். பத்திரிகைகளின் ஏச்சைவிட இந்த ஒரு வரியே நியூமனை அதிகம் வருத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

பதவி ஆசையில் மாறினார் என்கிறார்களே?

கல்லூரிப் பதவி, வருமானம், பிரசங்க மேடை, வீடு போல இருந்த ஊர் எல்லாவற்றையும் இழந்தார். போப்புக்கு அடுத்த நிலையான கர்தினால் பட்டம் 1879இல், 78 வயதில் வந்தது. அதற்காக யாரும் 34 ஆண்டுகள் காத்திருக்க மாட்டார்கள்.

கத்தோலிக்கர்களாவது கொண்டாடினார்களா?

முதலில் கொண்டாடினார்கள். பிறகு அவர்களிலும் சிலர் சந்தேகித்தார்கள். கோட்பாட்டு விஷயங்களில் குருக்கள் அல்லாத பொதுநிலையினரின் விசுவாசத்தையும் கேட்டறிய வேண்டும் என்று 1859இல் எழுதியதற்காக ரோமுக்கே புகார் போனது. ஆங்கிலிக்கர்களுக்கு ஓடிப்போனவர், கத்தோலிக்கர்களுக்கு முழுதாக நம்ப முடியாதவர் என்று இரண்டு பக்கமும் அடிபட்டார். இந்த அநியாயத்தைப் பலர் பேசுவதே இல்லை.

1864இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குரு, உண்மை பேசுவதில் நியூமனுக்கு அக்கறை இல்லை என்ற பொருளில் எழுதினார். நியூமன் தன் மன வரலாற்றை வாரந்தோறும் சிறு வெளியீடுகளாக எழுதிப் பதில் தந்தார். இங்கிலாந்தின் மனம் அவர் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

பழைய நண்பர்களை மறுபடி பார்த்தாரா?

பார்த்தார். ஆங்கிலிக்கன் சபையிலேயே தங்கிவிட்ட ஜான் கீபிளை 1865 செப்டம்பரில், ஹர்ஸ்லி என்ற ஊரில் அவர் வீட்டுக்கே தேடிப் போனார். கதவருகே நின்றவரைக் கீபிளுக்கு அடையாளம் தெரியவில்லை. நியூமனுக்கும் கீபிளைத் தெரியவில்லை. நியூமன் தன் பெயர் அச்சிட்ட அட்டையை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. இன்னொரு பழைய தோழர் பியூசியும் அன்று அங்கே இருந்தார். மூன்று கிழவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே கீபிள் இறந்துபோனார்.