பந்தயக் குதிரைக்குத் தவிடு: ஏப்ரலுக்குள் தேற்ற ஊசி உண்டா?

கேள்வி: கந்தப்பளையில் லீக்ஸ், கரட் செய்கிறேன். ஓட்டத்திலிருந்து விலக்கிய 7 வயதுக் குதிரை ஒன்றை நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் சவாரி விட வாங்கினேன். தினமும் 3 கிலோ தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மாட்டுக்கு வளர்க்கும் சீஓ-3 தீவனப் புல், தோட்டத்துக் கழிவு எல்லாம் போட்டும் விலா எலும்பு தெரிகிறது. ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டுகிறது. விற்றவர் ஒரு சத்து ஊசி சொல்கிறார். ஏப்ரல் சீசனுக்குள் தேறுமா?

பதில்: தம்பி, ஊசி வேண்டாம். முதலில் லீக்ஸ் கழிவை இன்றைக்கே நிறுத்துங்கள். வெங்காயக் குடும்பம் எதுவும் குதிரைக்கு ஆகாது, இரத்தச் சிவப்பணு உடைந்து மூத்திரம் கறுத்துப்போகும்.

அடுத்தது தவிடு. மலையில் எவனைக் கேட்டாலும் குதிரைக்குத் தவிடுதான் சத்து என்பான், எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். தவிட்டில் பொசுபரசு, கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. குதிரைக்குத் தேவை இதற்கு நேர்மாறு, கல்சியம்தான் கூட இருக்கவேண்டும். உணவில் கிடைக்காத கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவும். போதாததற்கு நீங்கள் போடும் சீஓ-3 புல்லில் ஒக்சலேட் அதிகம், அது புல்லில் இருக்கும் கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் (நுவரெலியாவில் தானாகப் படரும் கிக்குயு புல்லும் அப்படித்தான்). மாடு இதைத் தாங்கும், அதன் இரைப்பையில் ஒக்சலேட்டை உடைக்கும் நுண்ணுயிர் உண்டு, குதிரைக்கு அந்த வசதி இல்லை. இப்படி எலும்பிலிருந்து கல்சியம் உருவப்படுவது ஒரு நோய், நொண்டல் கால் மாறி மாறி வருவது அதன் கைரேகை. முகத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள், எலும்பு புடைத்திருந்தால் நாள் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தீவனத் தரச் சுண்ணாம்புத் தூளை எவ்வளவு கலப்பது என்று அவரே சொல்லட்டும். தேயிலைக்குப் போடும் டொலமைட் மூட்டையை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.

அப்போ என்ன கொடுப்பது? புல், புல், புல். 400 கிலோ குதிரைக்கு ஈரப்புல்லாக நாளுக்கு 40 கிலோ அளவுக்கு வேண்டும், அதில் சீஓ-3 பாதிக்கு மேல் போகாமல் ஒக்சலேட் குறைந்த வேறு புல்லைக் கலந்து போடுங்கள் (கினிப்புல்லிலும் ஒக்சலேட் உண்டு). இரவிலும் முன்னால் கிடக்கவேண்டும், குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும், வெறும் வயிறாக நின்றால் புண்ணாகிவிடும். தவிட்டை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். கடையில் கோழித் தீன் மலிவு என்று கலந்துவிடாதீர்கள், சிலவற்றில் மொனென்சின் என்ற கோழி மருந்து கலந்திருக்கும், குதிரைக்கு உடல் எடை கிலோவுக்கு 2-3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், கூர்மையாகி வாயைக் கிழித்தால் தின்பது பாதி கீழே விழும்.

விற்றவரைப் பற்றியும் சொல்லவேண்டும். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு, வாங்குபவர் முன்னால் நேராக நடத்திக் காட்டுவது பழைய வித்தை. ஓட்டத்தில் கால் கெட்டதால் மலிவாக வரும் குதிரைகள் பல, அப்படி விற்றவரே இன்று ஊசியும் விற்கிறார் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் சவாரி விடலாமா என்று கேட்டால், நொண்டும் குதிரையில் ஆள் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். தேறினாலும் ஆளும் சேணமும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டவேண்டாம்.

நீங்கள் கேட்காமல் விட்டது மே மாதத்தை. குதிரை 25 வயது வரை இருக்கும், உங்களுடையதற்கு 7. சீசன் முடிந்ததும் நகரத்தில் அவிழ்த்துவிட்டால் குப்பைப் பொலித்தீனைத் தின்று வயிற்று வலியில் புரளும், குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. மிருக வதைக்கு நம்மிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதில் எழுதிய அபராதம் 100 ரூபாய், அதனால் சட்டம் பிடிக்கும் என்று யாரும் பயப்படுவதில்லை. சவாரிப் பணம் வராத மாதங்களுக்கான புல்லை இப்போதே கணக்குப் போடுங்கள், லீக்ஸ் நிலத்தில் கால் பேர்ச் விட்டால் போதாது, கால் ஏக்கராவது புல்லுக்கு ஒதுக்க வேண்டிவரும். முடியாவிட்டால் அதே தரகரிடம் திருப்பிக் கொடுக்காமல், நிலமும் பொறுமையும் உள்ளவருக்குச் சும்மா கொடுங்கள். கால் தேறாது என்று வைத்தியர் சொன்னால், அவர் கையால் வலியில்லாமல் முடித்துவிடச் சொல்லுங்கள், அதைக் கொடுமை என்பவர்கள் ஒரு மாதம் வந்து புல் வெட்டட்டும்.