ஸ்பிரிங் பூட் செயலியை லினக்ஸில் பின்னணிச் சேவையாக ஓட்டுவது எப்படி?

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைக்கு நீங்கள் ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய ஸ்டொக் செயலி டெர்மினலை மூடினால் நின்றுவிடுகிறது, கரண்ட் போய் வந்தால் யாராவது கையால் ஓடவிட வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டெர்மினலை மூடினாலும் செயலியை ஓடவைக்கும் நோஹப், ஸ்கிரீன் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மெஷின் ரீபூட் ஆனால் அவை இரண்டும் உதவாது. உபுண்டு லினக்ஸில் 2015 முதல், சேவைகளைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி இருக்கிறது. வேலையை அதனிடமே கொடுத்துவிடுங்கள்.

லொகின் உரிமை இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அந்தப் பெயரில் ஜார் கோப்பை (செயலி முழுவதும் அடங்கிய கோப்பு) ஓட்டும்படி ஒரு யூனிட் கோப்பு, அதாவது சிஸ்டம்டிக்கான குறிப்புக் கோப்பு, எழுதுங்கள். எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஜாவாவின் முழுப் பாதையையும் கொடுங்கள். டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் வழியாக சிஸ்டம்டி ஓட்டுவதில்லை. உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் இருக்கும் எதுவும் அதற்குத் தெரியாது. "டெர்மினலில் ஓடுது, சேவையாக ஓடமாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை என்வயர்மென்ட்ஃபைல் வரி காட்டும் தனிக் கோப்பில் வைத்து, ரூட் (நிர்வாகி யூசர்) மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுங்கள். யூசரை மாற்றுவதற்கு முன்பே சிஸ்டம்டி அதைப் படித்துவிடும்.

இனி கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாடு இது. கரண்ட் வந்ததும் சேர்வர் எழும்பிவிடும், ரவுட்டர் ஆறுதலாகத்தான் எழும்பும். டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்தால் செயலி அதைத் தேடிக் களைத்து விழும். எதற்குப் பிறகு தொடங்குவது என்று சொல்லும் ஆஃப்டர் வரி இதற்குப் போதாது. அது இந்த மெஷினுக்குள் எது முதலில் என்பதை மட்டும்தான் பார்க்கும். விழுந்தால் மறுபடி தொடங்கும்படி ரீஸ்டார்ட்டுக்கு ஆன்-ஃபெயிலியர் போட்டு, அதற்கு முன் காத்திருக்கும் நேரமான ரீஸ்டார்ட்செக்கை 10 விநாடியாக்குங்கள். சும்மா விட்டால் அது 100 மில்லிவிநாடி. தொடங்கியதும் விழும் செயலி 10 விநாடிக்குள் 5 தடவை விழுந்தால் சிஸ்டம்டி கைகழுவிவிடும். அப்புறம் நீங்களே புறக்கோட்டைக்குப் போக வேண்டியதுதான்.

ஜாவாவுக்கென்று ஒன்று: நிறுத்தச் சொன்னால் ஒழுங்காக நின்ற செயலியும் 143 என்ற எண்ணோடு வெளியேறும், சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று சிவப்பில் காட்டும். சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ் வரியில் 143 போட்டால் சரி.

யூனிட் கோப்பை மாற்றும்போதெல்லாம், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன்-ரீலோட் கட்டளை கொடுங்கள். ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும் ஓட்டும். ரீபூட்டுக்குப் பிறகும் ஓட எனேபிள் வேண்டும். லொக் எல்லாம் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிடைக்கும்.

கடை மெஷின் விண்டோஸ் என்றால் வின்எஸ்டபிள்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இதே விபரங்களை எழுதினால் விண்டோஸ் சேவையாக்கிவிடும்.