மெக்கானிக் 5,000 என்கிறார், புத்தகம் 10,000 என்கிறது: கார் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது?

மெக்கானிக் 5,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்கிறார், வண்டியின் புத்தகம் 10,000 என்கிறது, எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் ஆபீஸ் போய்வர மட்டும் வண்டி எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சென்னை, வண்டி சின்ன பெட்ரோல் கார் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு. இங்கே ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனில் 15,000 அல்லது ஒரு வருஷம். அதற்காக உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி, கடினமான உபயோகத்துக்கு என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். யாரும் புரட்டாத பக்கம் அது. அடிக்கடி குறுகிய தூரம், நின்று நின்று போகும் டிராஃபிக், புழுதி, மலைப்பாதை, வண்டி நிற்க இன்ஜின் மட்டும் நீண்ட நேரம் ஓடும் ஐடிலிங் எல்லாம் அதில் வரும். அதன்படி பல வண்டிகளில் இடைவெளி பாதியாகிவிடும். டாக்ஸிக்குத்தான் அது என்று நினைக்காதீர்கள், உங்கள் ஆபீஸ் ஓட்டமும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

காரணம், ஆயில் உழைப்பது கிலோமீட்டருக்கு அல்ல, மணிக்கணக்குக்கு. 12 கிலோமீட்டர் போக 45 நிமிஷம் ஆனால் சராசரி வேகம் 16. அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் முடிக்க இன்ஜின் 625 மணி நேரம் ஓட வேண்டும். சென்னை–திருச்சி ஹைவேயில் சராசரி 60-ல் போகிறவருக்கு அதே 10,000-க்கு 167 மணி நேரம் போதும். ஓடோமீட்டரில் ஒரே எண், ஆயில் பட்ட பாடோ கிட்டத்தட்ட நாலு மடங்கு. மீட்டரில் சராசரி வேகம் காட்டும் வண்டியென்றால் அதைப் பாருங்கள். 20-க்குக் கீழேயே நின்றால் 5,000–6,000 கிலோமீட்டரில், அல்லது ஆறு மாதத்தில் மாற்றுவது வீண் செலவில்லை. பெரும்பாலும் ஹைவே என்றால் 10,000 வரை தாராளமாகப் போகலாம். ‘5,000-க்கே மாத்துறேன், வண்டி ரெண்டு லட்சம் ஓடிடுச்சு’ என்று கமெண்டில் யாராவது வருவார். மாற்றட்டும். இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்கு மட்டும்தான்.

குறுகிய ஓட்டம் ஏன் கெடுக்கிறது? இன்ஜின் சூடாவதற்குள் எரியாத பெட்ரோல் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எரிந்ததில் வரும் நீராவியும் உள்ளே படியும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிவிடும், 10 நிமிஷ ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. பிறகு அமிலம் சேரும், அதை முறிக்கும் மருந்து ஆயிலில் தீரும், கசடு கட்டும். ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் மாதம் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சளாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும். அதைக் காட்டி ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் இன்ஜின் அடைப்பு) போச்சு என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். கூலன்ட் குறையவில்லை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இல்லை என்றால் அது வெறும் ஈரம்தான். ஒரு மணி நேரம் நீளமாக ஓட்டினால் போய்விடும்.

வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறதென்றாலும் வருஷம் ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இது கட்டாயம்.

ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து ‘கறுத்துப்போச்சு, மாத்தணும்’ என்பது ஷெட்டில் தினமும் நடக்கும் நாடகம். டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும், அது கரியைப் பிடித்துவைக்கிறது என்றுதான் அர்த்தம். சிஎன்ஜி வண்டியில் நேர்மாறு. கரி இல்லாததால் ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கும், ஆனால் சூட்டில் உள்ளுக்குள் கெட்டிருக்கும். நிறத்தை விடுங்கள், தேதியையும் மீட்டரையும் பாருங்கள்.

ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் கிரேடு விஷயத்தில்தான் சண்டை வரும். மூடியிலும் புத்தகத்திலும் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும், ‘நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 ஊத்துங்க’ என்பார்கள். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது. தெர்மோஸ்டாட் இருப்பதால் சென்னையிலும் ஊட்டியிலும் இன்ஜின் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் ஓடுகிறது. இன்றைய இன்ஜின்களின் குறுகிய ஆயில் வழிகளும் வால்வ் டைமிங் அமைப்பும் மெல்லிய ஆயிலுக்காகவே செய்தவை. டர்போ பெட்ரோலுக்கு அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் ஏபிஐ எஸ்பி தரம் போட்ட ஆயில் வாங்குங்கள், 2020-ல் வந்தது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான், டப்பாவில் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரக்குறியான ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று இருக்கும், எது என்று புத்தகம் சொல்லும். அந்த வண்டிகளில் ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், டீசல் கலக்கிறது.

நீங்களே மாற்றுவதென்றால் இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள், கை பொசுங்கும் சூடு வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். மேல் மூடியைத் திறந்துவைத்து அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி கால் மணி நேரம் வடியவிடுங்கள். வாஷர் புதிது போடுங்கள். போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினால் ஆயில் தேங்கும் சேம்பரின் மரை போய்விடும், பல சின்ன கார்களுக்கு 35 நியூட்டன் மீட்டர் போதும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் ரிங் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டர் ஏற்றினால் ஸ்டார்ட் பண்ணிய சில நிமிஷத்தில் ஆயில் முழுக்கத் தரைக்கு வந்துவிடும். புது ரிங்கில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, ரிங் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

புத்தகத்தில் போட்ட அளவுக்குக் கால் லிட்டர் குறைவாக ஊற்றி, அரை நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து சமதரையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டாமல் மிச்சத்தைச் சேருங்கள். தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

இன்னொன்று, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் பில்லில் ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘கோட்டிங்’, ‘ஆயில் அடிட்டிவ்’ என்று வரும் வரிகளை அடித்துவிடச் சொல்லுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்கு ஃப்ளஷ், அதாவது இன்ஜின் உள்ளே ஊற்றிக் கழுவும் திரவம், தேவையில்லை. மாற்றாத வண்டியில் ஊற்றினால் ஒட்டிக்கிடந்த கசடு பெயர்ந்து பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பீப்பாயிலிருந்து ஊற்றுகிற இடத்தில் பில்லில் எத்தனை லிட்டர் என்று புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு மூன்றரை போடுவது சர்வசாதாரணம். அரை லிட்டர் காசைக் கேட்டால் நம்மை அல்பமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. வெளியே டப்பா வாங்கினால் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். முழுசாக விட்டால் போலி ஆயில்காரன் கைக்குப் போகும்.

இத்தனைக்கும் மேல், பழைய ஆயிலால் செத்த இன்ஜினைவிடக் குறைந்த ஆயிலால் செத்த இன்ஜின்தான் ஷெட்டுகளில் அதிகம் கிடக்கிறது. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், ஓரம்கட்டி அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள்.