ப்ளாக் கோடிங்கில் தொடங்குவதா, நேரடியாகப் பைத்தானுக்குப் போவதா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளைக் கோடிங் வகுப்பில் சேர்க்க விசாரித்தேன். ப்ளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளைத் திரையில் இழுத்து அடுக்கும் ஸ்கிராட்ச் போன்றவை வெறும் விளையாட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் பைத்தான் மொழியிலேயே நேரடியாகத் தொடங்குவது நல்லது என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது சில ஆண்டுகள் பழைய லேப்டாப். இணையமும் அடிக்கடி விட்டுப்போகும். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்கிராட்சிலேயே தொடங்குங்கள். அதற்குக் கட்டணம் கட்டி வகுப்பில் சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பைத்தான் குழந்தைகளுக்கு எட்டாத மொழி என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலோ, உள்தள்ளி எழுத வேண்டிய வரியை ஓரத்திலிருந்து தொடங்கிவிட்டாலோ பைத்தான் நிரல் ஓடாமல் நின்று, ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டும். கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிற வயதில் இத்தகைய பிழைகளைத் திருத்துவதிலேயே பயிற்சி நேரம் கரைந்துவிடும்; நிரல் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க நேரம் மிஞ்சாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், இந்தத் தடையை ப்ளாக்குகளின் வடிவத்தைக் கொண்டே நீக்கியது. உண்மையா, பொய்யா என்று விடை தரும் ப்ளாக் அறுகோணமாக இருக்கும். 'இப்படியானால் இதைச் செய்' என்னும் நிபந்தனைக் கட்டளையில் அதற்கென விடப்பட்ட இடமும் அறுகோணமாகவே இருக்கும். எண்ணைத் தரும் வட்டமுனை ப்ளாக்கை அங்கே இழுத்துவந்து வைத்தால் ஒட்டாது. எனவே இலக்கணப் பிழைக்கு அங்கே அநேகமாக இடமில்லை. தர்க்கப் பிழைக்கோ தாராளமாக இடமுண்டு. கற்க வேண்டியதும் அந்த இரண்டாவது வகைப் பிழையிலிருந்துதான்.

பயிற்சி மையத்தார் 'விளையாட்டு' என்று ஒதுக்குவதையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிக்கும் ஒரு சிறு விளையாட்டை உங்கள் மகள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஓடும் இடமான ஸ்கிராட்சின் மேடையில், இடமிருந்து வலமாக எக்ஸ் அச்சு −240 முதல் 240 வரையும், கீழிருந்து மேலாக ஒய் அச்சு −180 முதல் 180 வரையும் செல்லும். உள்ளிருக்கும் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் முடிவில்லாச் சுற்று ஒன்றில், பழத்தின் ஒய் மதிப்பை ஒவ்வொரு முறையும் 5 குறைத்தால் அது கீழே விழுவதுபோலத் தெரியும். 'கூடையைத் தொட்டால் மதிப்பெண்ணை 1 கூட்டு' என்ற கட்டளையையும் அதே சுற்றுக்குள் வைத்து ஓட்டினால், ஒரு பழத்தைப் பிடித்ததற்கே மதிப்பெண் ஏழெட்டு ஏறிவிடும். அந்தச் சுற்று நொடிக்கு ஏறத்தாழ 30 முறை ஓடுகிறது. பழம் கூடையைக் கடந்து போகும்வரை ஒவ்வொரு முறையும் 'தொட்டிருக்கிறது' என்பதே விடையாக வருகிறது. மதிப்பெண்ணைக் கூட்டிய உடனேயே பழத்தை மேலே, ஏதேனும் ஓர் எக்ஸ் மதிப்புக்கு, அனுப்பிவிட்டால் சிக்கல் தீரும். அடுத்த முறை விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தும்போது பழைய மதிப்பெண் அப்படியே நிற்பதைக் கண்டு, தொடக்கத்திலேயே அதைச் சுழியமாக்க வேண்டும் என்பதையும் அவளே கண்டுகொள்வாள். இந்த இரண்டு தவறுகளும் பைத்தானில் எழுதினாலும் நேரக்கூடியவையே. அங்கே ப்ளாக்கின் வடிவம்தான் இருக்காது. எதிர்ம எண்களும் ஆயத்தொலைவுகளும் பள்ளிப் பாடமாக வருவதற்கு முன்பே கையில் பழகிவிடுவது கூடுதல் லாபம். (தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே ஸ்கிராட்ச் இடம்பெற்றிருக்கிறது என்பதை அந்த மையத்தாரிடம் நீங்கள் சொல்லலாம்.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அவள் தடுமாறும்போது மவுசை வாங்கிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். "பழம் இப்போது என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

ப்ளாக் முறையின் பயன் விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை. கூகுளில் தொடங்கிப் பின்னர் எம்.ஐ.டி.யிடம் சென்ற ஆப் இன்வென்டர் வழியாக, ப்ளாக்குகளைக் கொண்டே ஆண்ட்ராய்டு போனில் ஓடும் செயலிகளை உருவாக்கலாம். பிபிசி மைக்ரோபிட் என்ற சிறு பலகையில் 25 எல்.இ.டி. விளக்குகளும், வெப்பத்தையும் அசைவையும் உணரும் வசதியும் உள்ளன. அதற்கான மைக்ரோசாஃப்டின் மேக்கோட் தளத்தில், அடுக்கிய ப்ளாக்குகளை ஒரே சொடுக்கில் பைத்தான் வரிகளாக மாற்றிப் பார்க்கலாம். பலகை கையில் இல்லாவிட்டாலும் திரையிலேயே அதன் மாதிரி இயங்கும் என்பதால், உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பைத்தானுக்கு எப்போது மாறுவது என்பதை வயதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். மாறி (மதிப்பெண் போல மாறக்கூடிய மதிப்பைச் சேமித்துவைப்பது), சுற்று, நிபந்தனை ஆகிய மூன்றையும் யாருடைய மாதிரியையும் பார்க்காமல் பயன்படுத்தி, தனக்கென ஒரு ப்ளாக்கையும் வரையறுத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டால் அவள் தயாராகிவிட்டாள் என்று கொள்ளலாம். அதே ஸ்கிராட்சில் நூற்றுக்கணக்கான ப்ளாக்குகள் திரையெங்கும் பரவி, தேடியது கிடைக்காமல் அவளே அலுத்துக்கொள்வதும் ஒரு நல்ல அறிகுறிதான். பெரிய நிரல்களுக்கு ப்ளாக் முறை வசதியானதன்று. ஸ்கிராட்சின் பேனா ப்ளாக்குகளால் சதுரம் வரைந்த குழந்தைக்கு, அதே சதுரத்தைப் பைத்தானின் வரையும் கருவியான டர்டிலில் எழுதிக்காட்டுவது இயல்பான முதல் பாடமாக அமையும்: நான்கு முறை, 100 அடி முன்னே, 90 பாகை திரும்பு. இதற்கிடையே டைப்பிங்கையும் பழக்கிவிட்டால் அந்த மாற்றம் எளிதாகும்.

லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தால், ஸ்கிராட்சின் இலவசச் செயலியை இணையம் இருக்கும் ஒரு நாளில் இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்; அதன்பின் விளையாட்டுகளை உருவாக்கவும் சேமிக்கவும் இணையம் வேண்டாம். எழுத்தை ஒலியாக்குவது, மொழிபெயர்ப்பது போன்ற சில கூடுதல் ப்ளாக்குகளுக்கு மட்டுமே அது தேவைப்படும். ஸ்கிராட்சின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கிப் பிறருடைய ஆக்கங்களைப் பார்க்க விரும்பினால், பயனர் பெயரில் மகளின் உண்மைப் பெயரோ பள்ளியின் பெயரோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில்லாமலே தொடங்குவதாலும் குறையொன்றும் இல்லை.