மூன்றாம் ஷையா, டிஎன்ஏயா?

அம்மா, போன கிழமை பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டீர்கள்: "டொக்டராகாமல் டிஎன்ஏயில் கொம்பியூட்டர் செய்யப் போறாளாம், இதெல்லாம் ஒரு படிப்பா?" பிள்ளையின் முகம் சுருங்கியதால் அன்று நான் அதிகம் கதைக்கவில்லை.

படிப்புத்தான். உயிர்களின் மரபுத் தகவலைச் சுமக்கும் இழைதான் டிஎன்ஏ. ஏ, சி, ஜி, ரி என்று அதற்கு நாலே எழுத்து. கொம்பியூட்டரின் பூச்சியம், ஒன்று என்ற இலக்கங்களில் இரண்டை ஓர் எழுத்தில் அடக்கலாம். 1994 இல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி லெனார்ட் எடில்மன், ஏழு ஊர்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை மட்டும் தொட்டுப் போகும் பாதையைச் சோதனைக் குழாயில் டிஎன்ஏ இழைகளை ஒட்டவிட்டே கண்டுபிடித்தார். 2012 இல் ஹார்வர்டின் ஜோர்ஜ் சேர்ச் குழு ஒரு முழுப் புத்தகத்தையே டிஎன்ஏயில் எழுதியது. 2017 இல் வந்த ஒரு முறையின்படி, ஒரு கிராமில் 215 பெட்டாபைட், அதாவது 21 கோடி கிகாபைட்டுக்கும் மேல் அடக்கலாம்.

ஆனால் வேகம்? 2019 இல் மைக்ரோசொப்ட்டும் வோஷிங்டன் பல்கலைக்கழகமும் செய்த தானியங்கி இயந்திரம் 'ஹலோ' என்ற ஒரு சொல்லை எழுதி வாசித்து முடிக்க 21 மணித்தியாலம் எடுத்தது. (அதற்குள் கொழும்புக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பிவிடலாம்.) இழையை எழுத்தெழுத்தாக இரசாயனத்தால் கோர்க்க வேண்டும், காசும் நேரமும் அங்கேதான் போகிறது. இடையில் பிழை விழும், அதைத் திருத்தக் கணிதம் வேண்டும். உங்கள் மகளுக்கு இரசாயனவியல்தான் பிடித்த பாடம் என்று அவளே சொன்னாள், கவனித்தீர்களா?

இந்தப் பெயரில் யாழ்ப்பாணத்தில் நாளைக்கே வேலை கிடைக்காது, அதை மறைக்க மாட்டேன். "டிஎன்ஏ கொம்பியூட்டிங் டிப்ளோமா" என்று யாராவது காசு கேட்டால் கட்ட வேண்டாம். டிஎன்ஏயை வாசிக்கவும் அந்தத் தரவை அலசவும் பழகினால், நோயறியும் ஆய்வுகூடம், பயிர் ஆராய்ச்சி என்று வேறு வாசல்களும் உண்டு.

ஏ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதியும் மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) போதவில்லை. மூன்றாம் ஷைக்கு, அதாவது மூன்றாம் தடவை எழுத, ரியூசன் போட நினைக்கிறீர்கள். நான் என்றால் போடமாட்டேன். விஞ்ஞான பீடம் கிடைக்கும்போல் இருக்கிறது. உயிரியலும் இரசாயனமும் அங்கே படிக்கட்டும், பைதன் நிரலாக்கத்தை இப்போதே வீட்டிலிருந்து தொடங்கட்டும். சரி, அப்புறம் ஒன்று: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை இந்த முறை அவளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.